விபத்து: இன்மை

சரவணா,

நீ போகவேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு இன்று காலை போய்விட்டு வந்தேன். கல்வி அலுவலகத்தில், நான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த பள்ளியைப் பற்றிய விசாரணையில், என் வாயால் வாக்குமூலம் கொடுத்தேன். அங்கே என் பேத்தி யாழினிக்குக் கிடைத்த எல்.கே.ஜி. சீட் இதனால் போகலாம். போகும் என்றே வைத்துக்கொள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வரும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கவரை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புவேன். என் மருமகள் கவிதா படிக்கட்டும், அவளுடைய சிநேகிதிகள் படிக்கட்டும், உன் ஆபீஸில் யாராவது கேட்டால் அவர்களுக்கும் காட்டு. மூடி வைத்த விஷயம் போதும் எனக்கு.

எனக்குச் சந்தேக புத்தி என்று உன் அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நிஜம்தான். மாம்பலம் மார்க்கெட்டில் காய்காரர் கேட்காமலே ஒரு கை கறிவேப்பிலை அதிகம் வைத்தால், வீட்டுக்கு வருவதற்குள் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். அதை நீயும் கவிதாவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஓர் ஆளைத்தான். அந்த ஆள் நானே.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "இன்ஷூரன்ஸும் ஸ்கூலும் தனியார் கைல இருக்கவே கூடாது, ரெண்டையும் கவர்ன்மென்ட்தான் நடத்தணும்" என்றாள் கவிதா. "கவர்ன்மென்ட்கிட்ட குடுத்தா பேஷன்ட் க்யூல நின்னே செத்துப்போவான். அவங்க ரூல் போடட்டும், செக் பண்ணட்டும், அத்தோட நிறுத்திக்கட்டும்" என்றாய் நீ. அவள் குரல் ஏற, உன் குரல் ஏற, யாழினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நீ என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, ஸ்கூல் ஆபீஸ்ல இருந்தவதானே, எது சரி?" என்றாய். "ரசம் ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வரும் என்று பயந்தேன். இப்போது சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேருமே அரசாங்கத்தை எங்கோ கோட்டையில் குடியிருக்கிற ஆள் மாதிரி பேசுகிறீர்கள். நான் பார்த்த அரசாங்கம் வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு வரும். கையில் ஒரு ஃபைல், நெற்றியெல்லாம் வியர்வை. அந்த மாதம் முழுக்கப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய களைப்பு. அவருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடுவோம். போண்டாவும் காபியும் வரும். அவர் கேட்கிற காகிதங்களை அடுக்கி வைப்பது ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஆன என் வேலை. அதில் ஒரு காகிதம், அந்த வருடம் பள்ளியில் நடந்த விபத்துகளைப் பற்றிய அறிக்கை. விபத்து எதுவும் இல்லை என்றால் 'இன்மை' என்று எழுதவேண்டும். அலுவலகத் தமிழ் அது. 'இல்லை' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். வட்டமாக, அழகாக எழுதுவேன்.

மயிலாப்பூரில் அந்தப் பள்ளிக் கட்டிடம் யாரோ ஒரு வக்கீல் குடியிருந்த பழைய பங்களா என்பது உனக்குத் தெரியும். முன்பக்கப் படிக்கட்டு அகலமானது. பின்பக்கம் இன்னொன்று உண்டு, வேலைக்காரர்கள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போவதற்காகக் கட்டியது. ஒரு படி உயரம், ஒரு படி குட்டை. திரும்புகிற இடத்தில் கைப்பிடி கிடையாது, கால் வைக்கிற இடமும் குறுகிவிடும். மாடியில் கம்ப்யூட்டர் ரூம் கட்டிய பிறகு பிள்ளைகளை அந்த வழியாகத்தான் அனுப்பினோம். அரசாங்கத்துக்குக் கொடுத்த வரைபடத்தில் அந்தப் படிக்கட்டே இல்லை. அதனால் இன்ஸ்பெக்‌ஷன் அன்று ஆண்டு விழா நாடகத்துக்கு வரைந்த திரையை அதன் முன்னால் கட்டித் தொங்கவிடுவோம். காடு, அருவி, இரண்டு மான். ஒரு வருடம் அந்த அதிகாரி அதன் எதிரே நின்று, "யாரு வரைஞ்சது?" என்று கேட்டார். "எங்க டிராயிங் மாஸ்டர் சார்" என்றேன். "நல்லாருக்கு, அருவி நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காற்றடித்துத் திரை ஒதுங்கி, கீழே மூன்று படி பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பரிமாறியதும் நான்தான்.

நீ காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம், ஒரு மத்தியான நேரம், ஆயா தேவகி மூச்சிரைக்க ஆபீஸுக்குள் ஓடிவந்தாள். "மேடம், அஞ்சாங் கிளாஸ் கொயந்த ஒண்ணு பின்னாடி படில வுயிந்துட்ச்சு. கை தொங்கிக்கினு கீது, சீக்கிரம் வா மேடம்" என்றாள். ஓடினேன். நஸ்ரின் என்ற பெண். அழவே இல்லை அது, உதட்டைக் கடித்துக்கொண்டு வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தது. முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அவளுடைய அப்பா தி.நகரில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் வெட்டுகிறவர், அம்மா ஜரீனா வீட்டிலேயே காஜா எடுத்துக் கொடுப்பவர். அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆட்டோவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகிற வழியில் தாளாளர் போன் பண்ணினார். "நீங்க அனுபவசாலி, பாத்து முடிச்சிடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் சொல்லவே மாட்டார்கள், நம் வாயால் சொல்ல வைப்பார்கள்.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பையன் பேனாவை எடுத்து, "எங்க விழுந்தாம்மா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன்பு அவனே, "ஸ்கூல்னா போலீஸ் என்ட்ரி போடணும், அவங்க வரணும், லேட்டாகும். வீடுன்னா உடனே உள்ள எடுத்துண்டு போயிடலாம்" என்றான். பிள்ளை என் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தது. "வீடு" என்றேன். அவசரத்துக்குச் சொன்னேன், பிள்ளைக்காகச் சொன்னேன் என்று பதினாலு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த வயதில் எனக்கு என்மேலேயே சந்தேகம். அந்தப் பையன் லேட்டாகும் என்று சொல்லியிருக்காவிட்டாலும் நான் 'வீடு' என்றுதான் சொல்லியிருப்பேன். ஆட்டோவில் போன் வந்தபோதே அந்த வார்த்தை என் வாய்க்கு வந்துவிட்டது. ஜரீனா ஓடிவந்து சேர்ந்தபோது படிவத்தை நீட்டினேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் ஆபரேஷன் அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் நடந்துவிட்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன். நல்லபடியாகக் கம்பி வைத்தார்கள். சில மாதம் கழித்து, மூட்டு சரியாக மடங்க இன்னோர் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். அது அட்டையில் வராது என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்களாம். நிஜமாகவே வராதா, சொன்னவனுக்குத் தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஃபீஸோடு சேர்த்து விபத்துக் காப்பீட்டுக்கு வாங்குவோமே, அதில் விண்ணப்பித்தோம். நிரப்பியது நான். பதில் வந்தது. பள்ளி வளாகத்திலும் பள்ளிக்கு வந்துபோகிற வழியிலும் நடக்கிற விபத்துக்குத்தான் பாலிசி செல்லும், ஆஸ்பத்திரி ரெக்கார்டில் 'வீட்டில் வழுக்கி விழுந்தது' என்று இருக்கிறது, ஆகவே நிராகரிக்கிறோம் என்று. ஜரீனா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். "மேடம், நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க. எங்க விழுந்தான்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போதும்னு சொல்றாங்க" என்றார். "ரெக்கார்டுல என்ன இருக்கோ அதாம்மா நான் எழுத முடியும்" என்றேன். "படிச்சவங்க, சரியாத்தான் எழுதியிருப்பீங்கன்னுதான் நான் கையெழுத்தே போட்டேன்" என்றார். கத்தவில்லை, சாபம் விடவில்லை. ஆளைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டாவது ஆபரேஷன் நடக்கவே இல்லை. மார்ச் மாதம் வந்தது. அறிக்கையில் 'விபத்து: இன்மை' என்று எழுதி இனிஷியல் போட்டேன்.

இதில் எனக்கு வெட்கமான இன்னொரு விஷயம் உண்டு. காகிதத்தில் ஒரு பொய் எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட், "சார், சுகர் இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும், யாரு வந்து பாக்கப் போறா" என்று சொல்ல, அவரும் தலையாட்ட, நான்தான் கட்டம் கட்டமாக 'இல்லை' என்று நிரப்பினேன். கம்பெனி கண்டுபிடித்தது, கையை விரித்தது. தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து எழுப்பி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "அங்க போனா திரும்பி வரமாட்டேன்" என்று ஆட்டோவில் அழுதார் மனுஷன். போய்ப் பதினேழு நாள் படுத்து, எழுந்து, நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். வார்டில் விசிறி சுற்றாத கட்டில், பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்த பழைய பேப்பரால் விசிறிக்கொண்டு, "டாக்டருங்க நல்லவங்கதான்டி" என்று ஆச்சரியப்பட்டார். நீ அன்றைக்குக் கம்பெனியைத் திட்டிய திட்டு அந்த வராந்தாவுக்கே கேட்டது. அதே நீ இன்றைக்குப் பெருங்குடியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஏசி ரூமில் உட்கார்ந்து, வருகிற க்ளெய்ம்களில் எந்த வார்த்தை இன்னொரு வார்த்தையோடு ஒத்துப்போகவில்லை என்று தேடுகிறாய். "ஒரே ஒரு வார்த்தை மாட்டுச்சும்மா, ஃபைல் க்ளோஸ்" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். நானும் சிரித்தேன். உன் வேலையைக் குறை சொல்லவில்லை. பொய்க் க்ளெய்ம் வருகிறது, எனக்குத் தெரியாதா? ஆனால் மாட்டுகிற அந்த ஒரு வார்த்தையை எழுதியது யார், எழுதவைத்தது யார் என்று உன் படிவத்தில் கட்டம் இருக்கிறதா? அதைக் கேட்கிறேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு என் பதில் இது. கவிதா சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் அரசாங்கமே நடத்தட்டும் என்றால் எனக்குப் பயம், என்னை மாதிரி ஒருத்தி அங்கேயும் ஒரு மேஜையில் உட்கார்ந்து 'இன்மை' எழுதுவாள். நீ சொல்கிற மாதிரி மேற்பார்வை மட்டும் போதும் என்றால், அந்த மேற்பார்வையின் லட்சணம் அருவிப் படம்தான். எழுதுகிறவளுக்கு மட்டுமா அந்த வார்த்தை பிடிக்கும்? வாங்குகிறவருக்கும் பிடிக்கும். அதிகாரிக்கு மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து இல்லை, பள்ளிக்குப் போலீஸ் இல்லை, கம்பெனிக்கு க்ளெய்ம் இல்லை. எல்லோருக்கும் சௌகரியமான காகிதத்தைப் பார்த்தால் கொஞ்சம் மோந்து பார்க்கவேண்டாமா? அரசாங்கத்தை நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். விபத்து நடந்ததா என்று பள்ளி ஆபீஸைக் கேட்காதே, பெற்றவர்களைக் கேள், ஆயாவைக் கேள். ஆஸ்பத்திரியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை யூனிஃபாரத்தோடு மத்தியானம் ஒரு மணிக்குக் கை உடைந்து வந்தால், 'வீடு' என்று சொன்னவளை ஒரு தடவை நிமிர்ந்து பார். நஸ்ரின் அன்றைக்கு ஷூகூடக் கழற்றவில்லை. யாரும் பார்க்கவில்லை.

இனி, இந்த மாதக் கதை. மூன்று வாரம் முன்பு ஒரு திங்கட்கிழமை, அதே படிக்கட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன் விழுந்தான். மணிக்கட்டு. புதன்கிழமை அவனுடைய பெற்றோர் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தாளாளர் உனக்குப் போன் பண்ணி யாழினிக்கு சீட் என்றார். ஜனவரியில் வெயிட்டிங் லிஸ்ட் என்று சொல்லிக் கையை விரித்த அதே மனிதர். நீயும் கவிதாவும் இனிப்பு வாங்கிக்கொண்டு மாம்பலம் வந்தீர்கள். "உன் சர்வீஸுக்குக் குடுத்த மரியாதைம்மா" என்றாய். நானும் ஒரு மைசூர்பாக்கை வாயில் போட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டேன், மறைக்கமாட்டேன். மறுநாள் எனக்கே போன் வந்தது. இந்த ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆயிற்று, இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு போன் கிடையாது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அப்போதுகூட எனக்குப் புகாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்ளே எங்கேயோ அரிக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓர் இளம்பெண். "ஆன்ட்டி, நஸ்ரின். ஞாபகம் இருக்கா?" என்றாள். மண்டைவெடிக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை. பணம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று என் புத்தி முதலில் ஓடியது, பார்த்துக்கொள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன், இடது கையால் வாங்கிக் குடித்தாள். மந்தைவெளியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலையாம். "வலது கையால ஃப்ரேம் மாட்டிவிட முடியாது ஆன்ட்டி, அதனால பில்லிங்ல போட்டுட்டாங்க" என்றாள், சும்மா தகவல் மாதிரி. விழுந்த பையன் அவர்கள் தெருப் பையன். "அவனுக்குச் சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா ஸ்கூல்ல, பையன் குறும்பு பண்ணி ஓடினான், இந்த பில்டிங்ல இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. பழைய ரிப்போர்ட்டெல்லாம் காட்டுறாங்களாம்" என்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நடந்தது நான்தானே ஆன்ட்டி" என்றாள்.

'அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க' என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. விசாரணை எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு சீட்டில் இடது கையால் எழுதி வைத்துவிட்டு, "வர முடிஞ்சா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு அழுதேன். இத்தனை வருடம் கழித்து அழுகிற அழுகைக்கு என்ன மரியாதை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அவள் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவில்லை, கீழ்வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம், வேலை நாளில், நீயாகப் போன் பண்ணினாய். சாப்பிட்டாயா என்றாய், மாத்திரை போட்டாயா என்றாய். அப்புறம், "அம்மா, ஸ்கூல் விஷயமா யாராவது வந்து கேட்டா பழசையெல்லாம் கிளறாத. என்கொயரிக்கெல்லாம் போகாத. கவர்ன்மென்ட் இருக்குல்ல, அவங்க பாத்துப்பாங்க" என்றாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருத்தன். எந்தப் பழசு சரவணா? நான் உனக்கு நஸ்ரின் பெயரையே ஒருநாளும் சொன்னதில்லையே. கிளறுவதற்கு ஒன்று இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? நான் அதைப் போனில் கேட்கவில்லை. "சரிப்பா" என்றேன். கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவதைப் போலக் கேவலம் வேறு இல்லை. தூங்கி எழுந்தாலும் அதே நினைப்பு.

இன்று காலை போனேன். விசாரிக்கிற அதிகாரி உன் வயதுப் பெண். மேஜைமேல் பழைய அறிக்கைகளை அடுக்கி வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்லப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தவர், நடுவில் ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இது உங்க இனிஷியல்தானே மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னைக்கு ஒண்ணும் நடக்கலன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு நடந்துச்சுன்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது?" என்றார். "ரெண்டையும் எழுதிக்கோங்கம்மா, ரெண்டும் நான் செஞ்சதுதான்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "உங்களுக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும் ஏதாவது மனஸ்தாபமா? கிராஜுவிட்டி, செட்டில்மென்ட், ஏதாவது?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. சந்தேகப்படத் தெரிந்த ஓர் அதிகாரியை இப்போதுதான் பார்க்கிறேன். "மனஸ்தாபம் ஒண்ணுமில்ல. சொல்லப்போனா இப்பத்தான் என் பேத்திக்கு சீட் குடுத்திருக்காங்க" என்றேன். பேனா நின்றது. "எப்ப?" என்றார். புகார் கொடுத்த இரண்டாம் நாள் என்றேன். "அதையும் எழுதட்டுமா மேடம்?" என்றார். எழுதுங்கள் என்றேன். அந்த நிமிடமே யாழினிக்கு அங்கே இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் கேட்கமாட்டேன், அவளிடம் வேண்டுமானால் பிறகு கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடி இல்லாத திருப்பத்தில் அந்தச் சின்னக் கால் ஏறி இறங்குவதை நினைத்துக்கொண்டு நான் எப்படி மைசூர்பாக்கு தின்றேன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்து அவர் கேட்டார், "சீட் தர்றோம்னு யார்கிட்ட சொன்னாங்க? அப்ப வேற ஏதாவது பேசினாங்களா?"

"என் பையன்கிட்ட" என்றேன். "என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்பது நிஜம். எனக்கு இருப்பது சந்தேகம் மட்டும்தான். தாளாளர் சீட்டைக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து, உன்னைக் கூப்பிட்டு, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படி என்றால் நீ ஏமாந்தாய், அவ்வளவுதான், நானும் ஏமாந்தவள்தான். இல்லை, சீட்டைக் கொடுக்கும்போதே விஷயத்தைச் சொல்லி, நீ சம்மதித்து, அதற்குப் பிறகுதான் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாய் என்றால், அது வேறு. அப்போதும் நீ என் பிள்ளைதான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் வெளியே தேடப்போவதில்லை.

வாக்குமூலத்தில் அந்தக் கேள்விக்கான இடத்தை மட்டும், நீ வந்து சொல்லும்வரை, காலியாக விடச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை வரை விட்டு வைக்கிறேன் என்றார். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பதினோரு மணி, இரண்டாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. உள்ளே நீ என்ன சொல்கிறாய் என்று நான் வந்து கேட்கமாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா